நூற்று நாற்பதுக்குக் கீழே

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, தென்றல் மறுபடியும் போனைத்தான் பார்த்தாள். திரையில் வரிசையாகச் சிவப்புக் கட்டங்கள். கடைசிக் கட்டம் மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"இன்னாடி, ஷேர் மார்க்கெட்ல கீர்ல பணத்த வுட்டுட்டியா? ஒரே செவப்பா இருக்குது" என்று எட்டிப் பார்த்தாள் பக்கத்து சீட் அர்ச்சனா.

"எங்கப்பாவோட சுகருடி."

வில்லியனூர்க் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில் தென்றலுக்கு வேலை. சரக்கு குறைந்தால் அந்தக் கட்டம் தானாகவே சிவக்கும்படி எக்செல்லில் விதி போட்டு வைத்திருந்தாள். அதையே கொஞ்சம் மாற்றி அப்பாவுக்கும் ஒரு ஷீட் போட்டாள். இருநூறுக்கு மேல் போனால் சிவப்பு. அதிலிருந்து நூற்று நாற்பது வரை மஞ்சள். அதற்குக் கீழே எல்லாம் பச்சை.

கரையாம்புத்தூரில் இருக்கும் அம்மா சின்னப்பிள்ளை, விரலில் குத்திப் பார்த்து, மிஷின் காட்டுவதை அப்படியே தன் போனில் அடிப்பாள். அடித்த மறுகணம் தென்றலின் போனிலும் நிறம் விழும். "நம்பரப் பாத்துக் கொழம்பிக்காதம்மா, கலரப் பாரு போதும்" என்று சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அப்பா செல்லக்கண்ணுவின் பாதத்தில் கரும்புக் கட்டை குத்திய புண் ஆறுவதாக இல்லை. இந்த வாரமும் சர்க்கரை இறங்காவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டியிருந்தார். அந்த வெள்ளைக் கட்டத்தில் விழப்போகிற நிறம்தான் அவருடைய கால்.

பொறுக்க முடியாமல் தென்றலே அம்மாவைக் கூப்பிட்டாள். "இன்னும் பாக்கலியாம்மா?"

"இருடி, இப்பத்தான் குத்தப்போறேன். காலையிலேயே ஊசி போட்டாச்சு. சாப்புடத்தான் மாட்டேன்றாரு. தீமிதிக்குக் காப்பு கட்டிட்டாங்கன்னு இவரும் கையில கட்டிக்கிட்டாரு. இந்த வருசம் நெருப்புல எறங்கத்தான் முடியல, வெரதமாச்சும் இருக்கேன்னு ஒரே புடிவாதம்."

"வுடும்மா, நல்லதுதான். சாப்புடாம இருந்தா இன்னும் எறங்கும்."

போனை வைத்தாள். டப்பாவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தவளின் கண்முன்னே அது சட்டென்று பச்சையானது.

"அர்ச்சனா! பச்சைடி!"

"அப்படிப் போடு! சுகர் எறங்குனதுக்கு எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் குடு."

தென்றல் வாய்விட்டுச் சிரித்தாள். முதல் கவளத்தை எடுத்தபோது அம்மா அழைத்தாள்.

"பச்சை வந்துச்சு, பாத்தியா? திரௌபதியம்மன் கண்ணத் தொறந்துட்டாடி!" என்றவளின் குரல் சற்றுத் தணிந்தது. "ஆனா, ஆளு இன்னாமோ மாதிரி இருக்காரு. வேர்த்து ஊத்துது. கை வெடவெடன்னு ஆடுது. கொழந்தையாட்டம், வெல்லம் குடு, வெல்லம் குடுன்னு ஒரே நச்சரிப்பு."

"போன அவருகிட்ட குடு." தென்றலின் சிரிப்பு நின்றிருந்தது. "அப்பா, வெரதத்துல வெல்லம் கேக்குறியாமே? நல்லா இருக்குதே உன் வெரதம்!"

"ஒரே ஒரு துண்டு கண்ணு." அவருக்கு நாக்குக் குழறியது. "கண்ண இருட்டிக்கிட்டு வருது."

"வெயிலுப்பா. ஃபேனப் போட்டுக்கிட்டுப் படு. பச்சை வந்த அன்னிக்கே கெடுத்துக்காத. காலு வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றார்.

"அம்மா, வெல்ல டப்பாவ பீரோவுல வெச்சுப் பூட்டு. சாவி உன் இடுப்புல இருக்கட்டும்."

மாலை ஸ்டாக் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் அம்மாவின் அழைப்பு. அழுகைக்கு நடுவே "எழுப்புனேன், எழுந்திருக்கலடி" என்பது மட்டும் புரிந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

அர்ச்சனாவின் ஸ்கூட்டியில் தென்றல் போய்ச் சேர்ந்தபோது, இளம் டாக்டர் ஒருவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். கட்டிலில் அப்பாவின் மணிக்கட்டில் காப்புக் கயிற்றின் மஞ்சள் கலையாமல் இருந்தது.

"கொண்டு வரும்போதே உயிர் இல்லம்மா" என்றார் டாக்டர். "சுகர் இருக்கிறவரா? வீட்ல கடைசியா எவ்ளோ பாத்தீங்க?"

"நார்மல்தான் சார்." தென்றல் போனை நீட்டினாள். கட்டம் அப்போதும் பச்சையாகவே இருந்தது.

டாக்டர் நிறத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் திரையைப் பெரிதாக்கி, உள்ளே இருந்த எண்ணைப் படித்தார். அவர் முகம் மாறியது.

"முப்பத்தொண்ணு. ஊசி போட்டுட்டு சாப்பிடாம இருந்தாரா?" தென்றலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த அளவுக்கு எறங்கினா உயிரே போயிடும்மா. அந்த நிமிஷமே இனிப்பு குடுக்கணும். சர்க்கரை, வெல்லம், ஏதாவது வாயில போட்டீங்களா?"

தென்றல் அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் சின்னப்பிள்ளை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவசரமாகத் தலையாட்டினாள்.

"ஐயையோ, இல்லீங்க சார்! அவரு கெஞ்சிக் கேட்டும் நாங்க குடுக்கவே இல்ல."