ஞானப்பிரகாசத்தின் பதினோரு இலைகள்

பால்கனியில் தொங்கிய சிறுகுறிஞ்சான் கொடியின் மேல் காலையில் ஊதினால், ஊதியவர் உடம்பிலுள்ள சர்க்கரைக்கு ஏற்ப அது இலை உதிர்க்கும். அவற்றை மென்று விழுங்க வேண்டும். முந்தைய நாள் ஆறு ஜாங்கிரிகளைத் திருட்டுத்தனமாகத் தின்றிருந்த ஞானப்பிரகாசம், தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"ஃபிலோ, செடியில தூசியா இருக்கு, கொஞ்சம் ஊதி விடேன்."

அவர் ஊதி நாலு இலைக்கு மேல் விழுந்ததே இல்லை. ஃபிலோமினா ஊதியதும் பதினொன்று விழுந்தன.

"பதினொண்ணா! நீங்க முன்னாடியே ஊதினதுக்கா இப்ப இத்தனை விழுது? அப்படி என்னத்தைத் தின்னீங்க?"

அவர் தட்டிலிருந்து பிடுங்கிய இனிப்புகளையெல்லாம், வீணாக்க மனமில்லாமல், இத்தனை வருஷமாக அவள்தான் தின்றுவந்தாள். மகா கெட்டிக்காரரான ஞானப்பிரகாசம் இலைகளை மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"ஆறு ஜாங்கிரி தின்னேன். அதான் நான் இன்னும் ஊதவே இல்ல, ஃபிலோ."