ஆயுள் தலைவர்

"ரோமில குடியரசு எப்பிடி முடிஞ்சது தெரியுமே, அப்பா? கொஞ்ச நாளைக்கு எண்டு அதிகாரத்தை எடுத்தவை திருப்பிக் குடுக்கேல்லை, பேரரசர் ஆகிட்டினம். நீங்களும் எத்தினை வருஷமாத் தமிழ் மன்றத் தலைவர்?"

காரில் மகள் தர்ஷனா கேட்டது தேவராஜாவுக்குச் சுருக்கென்றது. ரோவில் என்ற புறநகரின் மண்டபத்தில் மன்றக் கூட்டம் தொடங்கியதும் எழுந்தார்.

"இண்டையோட நான் விலகுறன். அடுத்த தலைவர் ஆர்?"

எல்லோரும் குனிந்து கைபேசியைத் தட்டினார்கள். கடைசியில் மன்ற உறுப்பினர் சுஜீதன் எழுந்தார்.

"அண்ணைதான் ஆயுள் முழுக்கத் தலைவர்!"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பலமாகக் கைதட்டிவிட்டு, எல்லோரும் அவசரமாகக் கார்களுக்கு ஓடினார்கள்.

தர்ஷனா திகைத்தாள். "எல்லாருக்கும் உங்களில அவ்வளவு அன்பே, அப்பா?"

"அன்போ? கூட்டம் முடிஞ்சா கதிரை அடுக்கி, மண்டபம் கூட்டி, கக்கூஸ் கழுவுறது தலைவர்தான், பிள்ளை."

தேவராஜா விளக்குமாற்றை அவளிடம் நீட்டினார்.

"இந்தாங்கோ, இளவரசி!"