இடது முன்சக்கரம்

“இன்னைக்கு உன்னைக் கொல்லாம விடமாட்டேன்டா!”

சம்மட்டி ஓங்கி இறங்கியது. ஒன்பது அடி விழுந்தும் அது அசைந்து கொடுக்கவில்லை. துருதான் சிவப்பாகச் சிதறி மெக்கானிக்கின் முகத்தில் தெறித்தது.

“அது ஹப்பா, எதிரியா? பார்த்து அடிங்க மச்சான்” என்றான், பின்னால் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவன். மெக்கானிக்கின் தங்கை கணவன். கார் அவனுடையது.

மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் சம்மட்டி திசை மாறிவிடுமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

இடது முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, நடு நட்டையும் எடுத்தாயிற்று. சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் ஹப் மட்டும், உள்ளே பேரிங் தேய்ந்து, வெளியே துருவேறி, இருந்த இடத்தை விட்டு வர மாட்டேன் என்றது.

“ரெண்டு மாசமா உயிரை வாங்குது மச்சான். தெருவுக்குள்ள திரும்பினா மாவு மில்லே உருண்டு வர்ற மாதிரி ஊரே எட்டிப் பார்க்குது. மானம் போகுது.”

மானமாம்! மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டினவளைக் கூடத்தில் போட்டு மிதிக்கும்போது போகாத மானம், பேரிங் சத்தத்தில் போகிறதாம்.

பத்தாவது அடி, முன்னொருநாள் கிழிந்த தங்கையின் உதட்டுக்கு. பதினொன்றாவது, சுவரில் மோதி அவள் நெற்றியில் விழுந்த நான்கு தையலுக்கு. பன்னிரண்டாவது அடியை எதற்கென்று யோசிக்காமல் இறக்கினார். படாரென்று ஹப் பிய்த்துக்கொண்டு வந்து தரையில் உருண்டது.

போன வாரம்தான் தங்கையிடம் போனில் கெஞ்சியிருந்தார். “பாப்பாவைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துடும்மா. அந்தப் பாவி ஒருநாள் உன்னை அடிச்சே கொன்னுடுவான்.”

“ரெண்டு மாசமா என் மேல ஒரு அடி விழலண்ணா. அவர் வர்றதுக்குள்ள நானும் பாப்பாவும் ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிறோம். கத்துவாரு, கதவை உதைப்பாரு, அப்புறம் அப்படியே விழுந்து தூங்கிடுவாரு. இன்னும் பத்தே நாள். பாப்பாவுக்குப் பரீட்சை முடிஞ்சதும் வந்துடறோம்.”

பத்து நாள்! அதுவரை அவள் உயிரோடு இருக்க வேண்டுமே.

துருவைச் சுரண்டித் துடைத்து, புது ஹப்பை உட்கார வைத்து, பின்பக்கத்து நான்கு போல்ட்டையும் முறுக்கினார். கடைசியாக நடு நட்டு. அதை இரண்டு சுற்று சுற்றியவரின் கை அங்கேயே நின்றுவிட்டது.

இதை இப்படியே விட்டுவிட்டால்? வண்டி வேகம் பிடிக்கும்போது சக்கரம் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். விதி முடிந்தது என்று ஊர் சொல்லும், தங்கை பிழைத்துக்கொள்வாள். அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நாற்காலியில் இருந்தவன் கொட்டாவி விட்டான். அவன் வலது கை விரல் முட்டிகளில் கதவைக் குத்திய காயங்கள் காய்ந்து கறுத்திருந்தன.

வியர்வையைத் துடைக்க நிமிர்ந்தபோது, காரின் பின் சீட்டு கண்ணில் பட்டது. அங்கே பாப்பாவின் ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது.

இந்தக் காரில்தானே அவளும் பள்ளிக்கூடம் போகிறாள்! இறுக்கம் அளக்கும் டார்க் ரென்ச்சை எடுத்து, அது ‘டக்’கென்று சொடுக்கும் வரை நட்டை இறுக்கினார். போதாதென்று விளிம்பை உளியால் தட்டி மடக்கியும் விட்டார்.

சக்கரத்தை மாட்டியதும் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தவனுக்கு வாயெல்லாம் பல். “பூனை மாதிரி போகுது மச்சான்! என்ன இருந்தாலும் உங்க கை கைதான்” என்று அவர் தோளில் தட்டினான். அந்த இடம் அவருக்குக் கூசியது.

“நேரா வீட்டுக்குப் போங்க மாப்பிள்ளை.”

“போற வழியில சின்ன வேலை இருக்கு” என்று கட்டைவிரலை வாய்ப்பக்கம் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தான். கார் அரவமில்லாமல் நழுவிப் போயிற்று.

மெக்கானிக் சோப்புப் போட்டு நிதானமாகக் கை கழுவினார். கொலைகாரனாகாமல் தப்பித்தோம் என்று அன்றைக்கு அவருக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்திருந்தது. வீட்டுக்குப் போய் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடலாம் என்று நினைத்தார்.

கடையைப் பூட்டும்போது தங்கையின் பக்கத்து வீட்டம்மாவிடமிருந்து போன் வந்தது. “சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வாங்க. அந்தாளைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடுச்சு. உங்க தங்கச்சிதான்...”

கட்டிலில் கிடந்தவளை முதலில் அவருக்கு அடையாளமே தெரியவில்லை. தாடை உடைந்து கட்டுப் போட்டிருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பாப்பாவின் கவுனெல்லாம் அம்மாவின் ரத்தம்.

“அய்யோ, முன்னாடியே ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்குவீங்களே! இன்னைக்கு ஏம்மா போகல?” மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

வாய் கட்டுக்குள் இருந்ததால் தங்கையால் பேச முடியவில்லை. பாப்பாதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னைக்குக் கார் சத்தமே கேக்கல மாமா.”