எட்டுத் தொட்டிச் சோளம்

"ஒரு இலைகூட மிச்சம் வைக்கலையே, அண்ணே!"

பக்கத்து வீட்டு டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எட்டுத் தொட்டி மக்காச்சோளமும் மொட்டையாக நின்றது. மேய்ந்து முடித்த அவருடைய கறுப்பு ஆடு, ஒன்றும் தெரியாத அப்பாவிபோல அசைபோட்டுக்கொண்டிருந்தது.

தொட்டிகள் தையல்காரர் வீட்டுடையவை. தங்கை வீட்டுக்குப் போன மனைவி சாயங்காலம் வந்துவிடுவாள். கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாள்: "தண்ணி ஊத்தாதீங்க, காயட்டும். தொட்டிய மட்டும் பத்திரமா பாத்துக்குங்க. போன வருஷம் மாதிரி எலுமிச்சங்கன்னு எல்லாம் பட்டுப்போச்சுன்னா, தோட்டத்த மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

எலுமிச்சைக்கும் சோளத்துக்கும் என்ன சம்பந்தம்? அவள் ஒருநாள் விளக்கத்தான் செய்தாள். 'வேர்' என்று ஆரம்பித்ததுமே இவர் குறட்டை விட்டுவிட்டார்.

"சோளத்த வித்துக் கன்னுக்கு உரம் வாங்கப் போறா போல. தொலைஞ்சேன்!"

"அறுவடை பண்ணிட்டேன்னு சொல்லிடுங்கண்ணே. கதிர் நான் வாங்கிட்டு வரேன்."

ஆட்டின் பல் பட்ட கட்டை ஒன்றுகூட அவள் கண்ணில் படக் கூடாது. தையல்காரர் கட்டைகளை வெட்டி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, தொட்டிகளைக் கவிழ்த்தார். துணி வெட்டும் கத்தரிக்கோலாலேயே வேர்களைப் பொடிப்பொடியாக நறுக்கி மண்ணோடு கலந்தார். அதை எங்கே ஒளிப்பது? பின்பக்கம் எலுமிச்சைக்காக அவள் வெட்டி வைத்த குழிகள் இருந்தன. குழிக்கு இரண்டு கை அள்ளிப் போட்டு, சந்தேகம் வராமலிருக்க, பக்கத்தில் வைத்திருந்த எலுமிச்சங்கன்றுகளையும் மேலே நட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஊசி பிடித்துப் பழகிய கை முழுக்கக் கொப்புளம்.

சாயங்காலம் வந்தவள், டிரைவர் வாங்கி வந்திருந்த கதிர்க் கூடையைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"நம்ம வீட்டு அறுவடை!"

"நம்ம சோளம் இன்னும் பூவே வைக்கலையே?"

மதிலுக்கு மேலே தெரிந்த டிரைவரின் தலை சட்டென்று மறைந்தது. தையல்காரர் உளறிக் கொட்டிவிட்டார்.

"ஆடு மேஞ்சிடுச்சும்மா. கோவிச்சுக்காத, சோளம் வேணா நான் வாங்கித் தரேன்..."

"சோளம் கெடக்கட்டும். மண்ணு எங்க?" அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வெறும் மண்ணுதானே... வேரை நறுக்கிக் கலந்து, அந்தக் குழிங்கள்ல..."

அவள் ஓடினாள். ஒரு கன்றின் அடியில் விரல்விட்டுக் கிளறிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பதறிக்கொண்டு போனார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வேர்ல நல்ல பூஞ்சை இருக்குங்க. எலுமிச்சை வேரோட ஒட்டிக்கிட்டு அதுக்குச் சத்து தேடிக் கொடுக்கும். அத வளர்க்கத்தான் சோளமே போட்டேன். தண்ணிய நிறுத்திக் காயவிட்டு, செடிய வெட்டணும், வேரை நறுக்கணும், குழியில போட்டுக் கன்னு நடணும். நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருந்தேன், இனி எதுக்கு?"

பிறகு மதில் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"தம்பி! அடுத்த வருஷமும் ஆட்டை அவுத்து விடுங்க. இவருக்கு மட்டும் எதையும் விளக்கிடாதீங்க, தூங்கிடுவார்!"