படத்தில் விழுந்த கோடு

"தண்ணி குடிக்கிறியா?" என்றாள் நாத்தனார், கதவைத் திறந்ததும்.

"சொந்தத் தம்பியையே காட்டிக் கொடுத்தவங்க வீட்டுல எனக்குத் தண்ணி இறங்காது, அண்ணி."

தம்பி மனைவி வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வசனம். இடுப்பிலிருந்த எட்டு மாதக் குழந்தை, சண்டைக்கு வந்திருக்கிறோம் என்பது தெரியாமல், அத்தையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

"உன்னைவிட இவளுக்கு விவரம் ஜாஸ்தி," என்று வாங்கிக்கொண்டாள் நாத்தனார்.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே தொழிற்சாலை. அம்மோனியா மாதிரி ஆளைக் கொல்லும் சரக்கை ஏற்றிப் போகிற ரயில் டேங்கர்கள் செய்கிற இடம். தம்பி வெல்டர். அக்கா, அந்த வெல்டிங் மூட்டுகளை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பவள். வீட்டில் அவளுக்குப் பெயரே எக்ஸ்ரேதான்.

அங்கே விதி கறாரானது. மூட்டைப் பற்றவைத்தவர் பக்கத்திலேயே தன் நம்பர் முத்திரையை இரும்பில் அடித்துவிட வேண்டும். பிற்பாடு எங்கே விரிசல் விட்டாலும், ஆள் யாரென்று டேங்கரே சொல்லிவிடும்.

போன வாரம் ஒரு மூட்டின் படத்தில் விரிசல் கோடு விழுந்தது. பக்கத்தில் இருந்தது தம்பியின் நம்பர். முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு, துரு தேய்க்கிற வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி சோதனையில் தேறினால்தான் முத்திரை. தேறாவிட்டால் வேலையே கிடையாது.

"ஒரு வாரமா அவர் வாயே திறக்கல, அண்ணி. துரு தேய்ச்ச கையோட வந்து, குழந்தையைத் தொடாம தள்ளி நிக்கிறார்."

"கை கழுவச் சொல்லு."

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு. உங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? எக்ஸ்ரே இனி என் வாசப்படி மிதிக்க வேண்டாம்னுட்டாங்க."

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "அம்மாவா சொன்னா?" என்றாள். பிறகு மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

"கோடு எவ்வளவு பெரிசு?" என்றாள் தம்பி மனைவி.

"தலைமுடி அளவு."

"ஒரு தலைமுடிக்கா இவ்வளவு? கண்ணுல படலன்னு விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒன்னும் ஆகாமலே போயிருக்கலாம். இல்லாட்டி, எங்கேயோ தண்டவாளத்தை ஒட்டின ஒரு வீட்டுல இவளை மாதிரி ஒருத்தி தூங்கிக்கிட்டு இருப்பா. உள்ள இருக்கிறது பால் இல்லம்மா, கசிஞ்சா துடைச்சுட்டுப் போக."

அவள் பார்வை ஒரு நொடி குழந்தை மேல் போய் வந்தது. ஆனாலும் விட மனமில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"அந்த மூட்டு, படம் எடுக்கிற பட்டியல்லயே இல்லையாமே. ஷிப்டுல எல்லாரும் பேசிக்கறாங்க. பட்டியல்ல இல்லாத இடத்தைத் தேடிப் போய் எடுத்திருக்கீங்க. அதைத்தான் மனுவா எழுதி வெச்சிருக்கேன். நாளைக்கு மேனேஜர் கைக்குப் போகும்."

"குடுக்காதே."

"பயமா இருக்கா?"

"விசாரணைன்னு வந்தா அவனைக் கூப்பிடுவாங்க. அவனுக்குப் பொய் வராது." நாத்தனார் குழந்தையின் எச்சில் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள். "பட்டியல்ல இல்லாத இடம்தான். அங்க எடுக்கச் சொன்னதே உன் புருஷன்தான்."

அவள் கையில் காகிதம் அப்படியே நின்றது.

"டேங்கர் பெயிண்ட் ஷெட்டுக்கே போயிடுச்சு. இனி யாரும் பார்க்கப் போறதில்ல. அப்புறம் ஓடி வந்து, 'அக்கா, டேங்கரைத் தாங்குற தகட்டுகிட்ட ஒரு நிமிஷம் கண்ணசந்துட்டேன், படம் எடுத்துப் பாரு'ன்னு நின்னான். எடுத்தேன். கோடு இருந்துச்சு."

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. பெத்த அம்மாவே உங்களை அவ்வளவு பேசியும்..."

"முந்தின ராத்திரி இவளுக்குக் காய்ச்சல்னு நீ பயந்து அழுதியாமே. உன்னைத் தூங்க வெச்சுட்டு, விடியற வரைக்கும் இவளைத் தோள்ல போட்டு நடந்துட்டு, அப்படியே வேலைக்கு வந்திருக்கான். காரணம் தெரிஞ்சா நீ உன்னையே திட்டிக்குவேன்னு தவிச்சான்."

நாத்தனார் எழுந்து, தூங்கிப்போன குழந்தையை அவள் மடியில் பதமாகக் கிடத்தினாள்.

"திட்டறதுக்குன்னே நாத்தனார்னு ஒருத்தி இருக்கும்போது அவ எதுக்குடா தன்னைத் திட்டிக்கணும், பழி என் மேலயே இருக்கட்டும்னு அவன்கிட்ட நான்தான் சொல்லிட்டேன்."