குழாயடியில் ஒரு தலைமையுரை

"இரண்டே இரண்டு வார்த்தை பேசிப்போட்டு இருந்திடுறன்" என்று சொல்லிக்கொண்டு எங்கள் தலைவர் கௌரிசங்கர் ஒலிவாங்கியைப் பிடித்தபோது மணி மூன்று.

அவர் கையில் இருந்த கடதாசிக் கட்டின் தடிப்பைப் பார்த்ததும், டண்டினொங் மூத்தோர் சங்கம் முழுவதும் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டது.

காட்டவேண்டிய படமோ பத்து நிமிடம்கூட வராது.

ஐம்பது வருடத்துக்கு முன், யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் இரவல் கமராவில் எடுத்த கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம் அது. ஊருக்குத் தண்ணீர்க் குழாய் திறந்துவைக்க வருகிற ஒரு பெரிய அதிகாரியைப் பற்றியது. திரையிட அனுமதி கேட்டுப் படத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்களாம். ஒரு கையெழுத்துக்காக மேசை மேசையாக ஏறி இறங்கி, கடைசியில் எந்த மேசையில் கிடக்கிறது என்பதே தெரியாமல் போய்விட்டதாம். போன வருடம்தான் லண்டனில் யாரோ ஒருவரின் கராஜில் ஒரு பிரதி அகப்பட்டது. படம் தப்பியிருந்தது. சத்தம் அழிந்துவிட்டது.

அதிகாரியாக நடித்த ஜெயரட்ணம் அண்ணை முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தார். தான் நடித்த படத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவரைக் கொண்டுவந்த முதியோர் இல்லத்து பஸ் நாலு மணிக்குப் புறப்பட்டுவிடும். இந்த வெள்ளைக்கார ஊரில் நாலு என்றால் நாலுதான்.

தலைவர் வந்தவர்களை வரவேற்றார். வராதவர்களுக்காக வருந்தினார். இடையில் ஒருவரின் பெயரை விட்டுவிட்டதாக நினைவு வந்து, முதலில் இருந்து திரும்பவும் வரவேற்றார். பிறகு, தான் கொழும்பில் தலைமை எழுதுவினைஞராக இருந்த காலத்தில், தன் கையெழுத்து இல்லாமல் ஒரு கடதாசியும் அசையாது என்ற கதைக்கு வந்தார்.

பஸ் சாரதி கதவடியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜெயரட்ணம் அண்ணை சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு வெறும் திரையைப் பார்த்தார்.

மடிக்கணினிக்குப் பொறுப்பு தலைவரின் மனைவி இராஜேஸ்வரி. தான் சொல்லும்வரை படத்தில் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்பது தலைவரின் கட்டளை. தன் சொல் தட்டாத ஆள் என்றுதான் அவளை அங்கே இருத்தியிருந்தார். நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரை.

ஜெயரட்ணம் அண்ணை வந்து இறங்கியதும் இவள்தான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். சீனி போடுவதா என்று கேட்கிறாள் என்று நான் நினைத்தேன்.

சாரதி இரண்டாம் முறை எட்டிப் பார்த்தார். இம்முறை போகவில்லை, கதவிலேயே நின்றார்.

இராஜேஸ்வரி என் பக்கம் திரும்பினாள். தலையைச் சற்றுச் சரித்து, உதட்டில் விரலை வைத்தாள். மற்றக் கையால் விசையைத் தட்டினாள்.

தலைவரின் முதுகுக்குப் பின்னால் திரை வெளித்தது.

மாலை போட்ட குழாய். குறுக்கே நாடா. குடங்களோடு வரிசையாகப் பெண்கள். கோட்டும் தொப்பியுமாக இளம் ஜெயரட்ணம் வாயைத் திறந்தார்.

தலைவரின் குரல் வந்தது.

பதவியைத் தான் தேடிப் போகவில்லை, பதவிதான் தன்னைத் தேடி வந்தது என்றது அந்தக் குரல். திரையில் அதிகாரி நெஞ்சில் கை வைத்தார்.

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

தலைவர் திகைத்துப்போனார். தன் பேச்சுக்கு இப்படி ஒரு சிரிப்பை அவர் ஆயுளில் கேட்டதில்லை. முடிக்க இருந்தவர் இன்னும் நாலு பக்கத்தை எடுத்தார்.

அவர் சங்கத்தின் விதிகளை வாசிக்க, அதிகாரி நிலத்தைத் தொடும் நீளக் கடதாசியை விரித்து வாசித்தார். அதன் மற்ற நுனியை ஓர் ஆடு தின்னத் தொடங்கியது. ஜெயரட்ணம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒன்றும் தவறிவிடக்கூடாது என்று அவசரமாகத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

அப்போது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெட்டை, நெளிந்த வாளியோடு வரிசையை விட்டு நழுவி, அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் போனாள். எங்களைப் பார்த்தாள். தலையைச் சற்றுச் சரித்து, உதட்டில் விரலை வைத்தாள்.

குழாயைத் திறந்தாள்.

அவளுக்குப் பின்னால் ஊரே வந்து குடம் நிரப்பிக்கொண்டு போனது. ஆடும் குடித்தது. அதிகாரி பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் நாடாவை வெட்டி, குழாயைத் திருகினார்.

ஒரு சொட்டு விழுந்தது.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டு, இனிப் படத்தைப் போடலாம் என்று உத்தரவு கொடுத்தார்.

சாரதி வந்து சக்கர நாற்காலியைத் திருப்பினார். தலைவர் மேடையால் இறங்கி ஓடிவந்து, படம் பார்க்காமல் போகவேண்டி வந்துவிட்டதே என்று வருந்தினார். ஜெயரட்ணம் அண்ணை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்குத் தன்னுடைய குரலைவிடத் தலைவரின் குரல்தான் பொருத்தம் என்றார்.

தலைவர் அதற்கும் நன்றி சொன்னார்.

நாற்காலி இராஜேஸ்வரியைத் தாண்டும்போது அண்ணை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இந்த முறையும் நீதானே பிள்ளை திறந்தனீ."

எதைத் திறந்தது என்று தலைவர் மனைவியைக் கேட்டார். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இராஜேஸ்வரி மடிக்கணினியை மூடினாள். நரைத்த தலையைச் சற்றுச் சரித்தாள்.

விரல் உதட்டுக்குப் போனது.