ஐந்தாவது நாப்

சிந்தாதிரிப்பேட்டையில் மஹ்விஷ் வைத்திருக்கும் ரிப்பேர் கடைக்கு, ஷ்ரவண் தன் பேஸ் கிட்டாரின் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஸர் பெடலைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“சுவிட்ச் போயிடுச்சுக்கா. அப்படியே திருகுறதுக்கு இன்னொரு நாப்பும் வெச்சுக் குடுங்க.”

“சத்தத்தை அடக்கத்தான் ஏற்கெனவே நாலு கீதேப்பா?”

“இது எங்க பாடகர் வேதாந்தம் சாருக்குக்கா. பேஸ் ஜாஸ்தி, பேஸ் ஜாஸ்தின்னு தினமும் உயிரை வாங்குறாரு.”

அவன் குனிந்து மெதுவாக ஏதோ சொல்ல, மஹ்விஷ் சிரித்துக்கொண்டே டிரில்லை எடுத்தாள்.

மறுநாள் மயிலாப்பூர் ஒத்திகையிலிருந்து போன் செய்தான். “அக்கா, ஒரே திருகுதான்! இப்பதான் காதுக்கு இதமா இருக்குன்னுட்டாரு!”

அடுத்த வாரம் வேதாந்தமே வந்து நின்றார், கையில் தன் மைக்குக்கான சின்ன மிக்ஸரோடு.

“நான் பாடினா சத்தம் ஜாஸ்தின்னு ஷ்ரவண் குத்தம் சொல்லிண்டே இருக்கான். அவனுக்கு வெச்ச மாதிரியே எனக்கும் ஒரு நாப் வெச்சுக் குடும்மா.”

மஹ்விஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சார்... இதுல எந்த ஒயரோட சேர்க்கணும்னு பார்க்கணுமே...”

“ஒயரே வேண்டாம். அவன் டீ குடிக்கப் போனப்போ பெடலைத் திறந்து பார்த்துட்டுத்தான் வரேன். அந்த நாப்லயும் ஒயர் இல்லை. எனக்கும் அப்படியே இருக்கட்டும், அவன் வந்து திருகிக்கட்டும்!”